சதையிப் புற்றுநோய்க்கு மைக்ரோ ஆர்.என்.ஏ மருந்து வந்துவிட்டதாமே, அப்பாவின் கீமோவைத் தள்ளிப்போடலாமா?

தள்ளிப்போடாதீர்கள். கனடாவில் இருந்து உறவினர் அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று விளங்குகிறது. எந்தப் புற்றுநோய்க்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ மருந்து ஒன்றுகூட இன்னும் அங்கீகாரம் பெறவில்லை. அதற்காக அந்த அறிவியல் பொய் என்று நான் சொல்லவில்லை. அதைக் கண்டுபிடித்த அம்புரோசுக்கும் ருவ்குனுக்கும் 2024இல் நோபல் பரிசே கிடைத்தது.

முதலில் ஒன்று. வீடியோவில் 'கணையம்' என்கிறார்கள், நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தது 'சதையி'. இரண்டும் ஒரே உறுப்புத்தான். இதுகூடத் தெரியாமல் அப்பாவுக்கு இரண்டு வருத்தம் என்று பயந்துபோகிற குடும்பங்கள் இருக்கின்றன. பயொப்சி றிப்போட் முழுக்க ஆங்கிலத்தில் வருகிறது, எங்களை உட்கார வைத்து அதைத் தமிழில் விளங்கப்படுத்த ஒருவரும் இல்லை. சனம் வீடியோவுக்குப் போகாமல் என்ன செய்யும்?

இனி விசயம். மைக்ரோ ஆர்.என்.ஏ என்பது கலத்துக்குள் இருக்கும், ஏறக்குறைய 22 எழுத்து நீளமான ஒரு ஆர்.என்.ஏ துண்டு. அதன் 2ஆம் எழுத்து முதல் 8ஆம் எழுத்து வரையான பகுதி, ஒரு புரதத்தைச் செய்யும் கட்டளையைச் சுமக்கும் தூதர் ஆர்.என்.ஏயின் வாலில் பொருந்தி ஒட்டினால் அந்தப் புரதம் உண்டாவது குறையும். சதையிப் புற்றுநோயில் 90 வீதமளவில் கேராஸ் என்ற பரம்பரையலகு பழுதாகியிருக்கும். அது உண்டாக்கும் ராஸ் புரதத்தை அடக்குகிற லெட்-7, கலத்தைத் தற்கொலைக்குத் தள்ளுகிற மிர்-34ஏ ஆகிய மைக்ரோ ஆர்.என்.ஏ இரண்டும் இந்தக் கட்டிகளில் குறைந்துவிடும். மிர்-21 என்ற இன்னொன்று கூடிவிடும், கூடினால் ஜெம்சிற்றபின் என்ற கீமோ மருந்து சரியாக வேலை செய்யாது. ஆகவே குறைந்ததைச் செயற்கையாகக் கொடுக்கலாம், கூடியதை எதிர்த்துண்டு ஒன்றால் கட்டிப்போடலாம். யோசனை இவ்வளவுதான், அதில் பிழையில்லை.

பிழைப்பது கொண்டுபோய்ச் சேர்ப்பதில். வெறும் ஆர்.என்.ஏயை நாளத்தில் ஏற்றினால் குருதியிலுள்ள நொதியங்கள் சில நிமிடத்தில் வெட்டிவிடும், மிச்சம் சிறுநீரோடு போய்விடும். அதனால் எழுத்துகளை இரசாயன முறையில் மாற்றி, 100 நானோமீற்றர் அளவான கொழுப்புத் துணிக்கைக்குள் அடைக்கிறார்கள். அந்தத் துணிக்கைகளில் பெரும்பங்கை ஈரல் பிடித்துக்கொள்கிறது. தப்பி வருவது சதையிக் கட்டியின் சுவரில் முட்டும். இந்தக் கட்டியில் புற்றுக்கலங்களை விட அவற்றைச் சுற்றிய நார் இழையம்தான் அதிகம், சிலவற்றில் 80 வீதம் வரை. உள்ளே அமுக்கம் கூடிச் சின்னக் குருதிக் குழாய்கள் நசிந்து கிடக்கும். அதையும் தாண்டிக் கலத்துக்குள் போனால், பெரும்பகுதி உள்ளே எடுத்த பைக்குள்ளேயே அகப்பட்டு அழிந்துவிடும். நூற்றில் ஒன்றிரண்டுதான் வெளியே வந்து வேலை செய்யும்.

"எலியில் கட்டி சுருங்கியதே" என்று யாராவது இங்கே சண்டைக்கு வரக்கூடும். சுருங்கியது உண்மை. ஆனால் பல ஆய்வுகளில் மனிதக் கட்டியை எலியின் தோலுக்குக் கீழே வளர்க்கிறார்கள். அங்கே இந்த நார்ச்சுவர் அவ்வளவு இல்லை, குருதிக் குழாய்களும் ஒழுகும்.

மனிதரில் நடந்ததையும் சொல்ல வேண்டும். மிர்-34ஏயைக் கொழுப்புத் துணிக்கையில் அடைத்த எம்.ஆர்.எக்ஸ்-34 என்ற மருந்தின் முதற்கட்ட ஆய்வு 2013இல் தொடங்கியது. 85 பேருக்குக் கொடுத்தார்கள், நிர்ப்பீடனத்தைத் தணிக்கும் டெக்சாமெதசோன் முன்கூட்டியே கொடுத்தும் நிர்ப்பீடனத் தாக்கம் கடுமையாக வந்தது. நான்கு பேர் இறந்தார்கள், 2016இல் நிறுத்தினார்கள். மூன்று பேருக்குக் கட்டி ஓரளவு சுருங்கியதும் உண்மை. ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ நூற்றுக்கணக்கான பரம்பரையலகுகளைத் தொடும். அதன் பலமும் அதுதான், ஆபத்தும் அதுதான்.

இரத்தத்தில் மிர்-21 பார்க்கிறோம் என்று காசு கேட்டாலும் கொடுக்காதீர்கள். சதையி அழற்சியிலும் வேறு புற்றுநோய்களிலும் அது கூடும். ஊசியால் இழுக்கும்போது செங்கலம் உடைந்தாலே அதற்குள் இருக்கும் மிர்-451 கொட்டுண்டு அளவு குழம்பிவிடும். நல்ல ஆய்வுகூடம் மிர்-451ஐயும் மிர்-23ஏயையும் ஒப்பிட்டு, பி.சி.ஆர் (பெருக்கி அளக்கும் முறை) சுற்று வித்தியாசம் 7ஐத் தாண்டினால் மாதிரியைக் கழித்துவிடும்.

இப்போது கையில் இருப்பது கீமோ. பல மருந்துகள் சேர்ந்த ஃபோல்ஃபிரினொக்ஸ் என்ற கீமோக் கலவை, பரவிய நோயில் ஜெம்சிற்றபின் மட்டும் கொடுத்தபோது 6.8 மாதமாக இருந்த நடுநிலை ஆயுளை (பாதிப் பேர் தாண்டுகிற காலத்தை) 11.1 மாதமாக்கியது என்று 2011இல் வெளியானது. அது சின்ன விசயம் இல்லை. அப்பாவுக்குக் கண் மஞ்சளாக இருந்தால் கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுத்து நாளைக் கடத்தாமல், பித்தக் குழாயைத் திறந்து வைக்கும் சின்னக் குழாயான ஸ்டென்ட் வைப்பதைப் பற்றி உடனே கேளுங்கள். கண்ணை மஞ்சளாக்கும் பிலிருபின் இறங்காவிட்டால் ஃபோல்ஃபிரினொக்ஸில் உள்ள இரினோற்றிகான் என்ற மருந்தைக் கொடுக்க முடியாது. தெல்லிப்பழை அல்லது மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, பயொப்சித் துண்டை மெழுகில் பதித்து வைத்த பரஃபின் கட்டை எங்கே இருக்கிறது என்று கேட்டு எழுதி வையுங்கள். பிராக்கா (BRCA) என்ற பரம்பரையலகுக்கான சோதனை செய்யலாமா என்றும் கேளுங்கள், அதற்குச் சாதாரண இரத்தம் போதும். அது பழுதாக இருந்தால் பிளாற்றினம் மருந்துகள் நன்றாகப் பிடிக்கும், 2019இல் இந்த நோய்க்கு அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற ஒலபாரிப் என்ற மாத்திரையையும் யோசிக்கலாம்.