காட்டுக்குள் குடியேறலாம் என்கிறார் என் கணவர்

கேள்வி: சைபீரியக் காட்டில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தனித்து வாழ்ந்த லிகோவ் குடும்பத்தைப் பற்றியே என் கணவர் ஓராண்டாகப் பேசிக்கொண்டிருக்கிறார். வேலையை விட்டுவிட்டு, மலையில் வாங்கிப் போட்டிருக்கும் மூன்று ஏக்கரில் குடியேறி, பன்னிரண்டு வயது மகளையும் எட்டு வயது மகனையும் பள்ளியிலிருந்து நிறுத்தி, நாமே வளர்க்கலாம் என்கிறார். கைப்பேசிகூட வேண்டாமாம். நகர வாழ்க்கை எனக்கும் சலித்துவிட்டது. ஆனாலும் பயமாக இருக்கிறது. மறுத்தால் என்னைச் சுகவாசி என்று நினைப்பாரோ?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பயத்தில் தவறேதும் இல்லை. உங்கள் கணவர் அந்தக் குடும்பத்தின் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கார்ப் லிகோவ் அமைதியை நாடிக் காட்டுக்குப் போனவர் அல்லர். 17ஆம் நூற்றாண்டில் ரஷ்யத் திருச்சபையில் அதன் தலைவர் நிக்கோன் செய்த மாற்றங்களை ஏற்க மறுத்து, தலைமுறை தலைமுறையாகத் துரத்தப்பட்ட பழைய நம்பிக்கையாளர்களின் வழிவந்தவர் அவர். 1930களில் தம் சகோதரர் சுட்டுக் கொல்லப்பட்டதைக் கண்ட பிறகு, மனைவி அக்குலினாவையும், சிறுவன் சாவினையும், கைக்குழந்தைப் பருவம் தாண்டாத நத்தாலியாவையும் அழைத்துக்கொண்டு, 1936இல் சயான் மலைப்பகுதியின் அபகான் ஆற்றுப் பக்கமாகத் தப்பி ஓடினார். இன்னும் இரு பிள்ளைகள், திமித்ரியும் அகாஃபியாவும், காட்டிலேயே பிறந்தார்கள். 1978இல் நிலவியலாளர்கள் ஹெலிகாப்டரிலிருந்து அவர்களுடைய தோட்டத்தைக் கண்டபோது, மிக அருகிலிருந்த ஊரே ஏறத்தாழ 250 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. இரண்டாம் உலகப் போர் நடந்து முடிந்ததுகூட அவர்களுக்குத் தெரியாது. உங்கள் கணவரை ஈர்ப்பது இந்தப் பகுதிதான் என்று நினைக்கிறேன்.

அந்த வீட்டின் அடுப்படியை அவர் ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். கொண்டுபோன இரும்புப் பாத்திரங்கள் துருப்பிடித்து ஓட்டையான பின், பூர்ச்ச மரப்பட்டையில் பாத்திரம் செய்தார்கள். அதை நெருப்பில் வைக்க முடியாது என்பதால் சமைப்பதே பெரும்பாடாயிற்று. உப்பு அறவே இல்லை. வந்தவர்கள் கொடுத்த பொருள்களில் முதலில் கார்ப் ஏற்றுக்கொண்டது உப்பை மட்டுமே. உப்பில்லாமல் கழிந்த காலத்தைத் துன்பத்தின் உச்சமாகவே அவர் நினைவுகூர்ந்தார். ஜூன் மாதத்தில் பெய்த பனி ஒரு முறை தோட்டத்தை அழித்தது. அதையடுத்த பஞ்சத்தில் மரப்பட்டையையும் தோலையும் தின்று பார்த்து, பிள்ளைகளுக்கு உணவு மிஞ்ச வேண்டும் என்று தான் பட்டினி கிடந்த அக்குலினா, 1961இல் இறந்தார். பிறகு பட்டாணிப் பாத்தியில் தற்செயலாக முளைத்திருந்த கோதுமையைப் போன்ற ரை என்னும் தானியத்தின் ஒற்றைப் பயிரைச் சுற்றி வேலி கட்டி, எலியும் அணிலும் அண்டாமல் இரவும் பகலும் காவல் காத்து, அதில் கிடைத்த 18 தானியங்களிலிருந்துதான் மறுபடியும் விதையைப் பெருக்கினார்கள். அவர்களுடைய உழைப்பையும் பொறுமையையும் நினைத்தால் எனக்குக் கண் கலங்குகிறது. பக்கத்தில் ஓர் ஊர் இருந்திருந்தால் ஒரு படி ரையைக் கடனாகக் கேட்டு வாங்கியிருப்பார்கள் என்பதையும் மறக்க முடியவில்லை.

பிள்ளைகளைப் பற்றித்தான் நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். ஓடிப்போவது கார்ப் எடுத்த முடிவு. அதற்கு அவருக்கு உயிர் போகும் காரணம் இருந்தது. அந்த நால்வரையும் யாரும் கேட்கவில்லை. வெளியூர் என்பதை அவர்கள் பெற்றோரின் வாய்மொழியாகவும் மதநூல்களின் வழியாகவும் மட்டுமே அறிந்திருந்தார்கள். அவர்களுக்குத் தோழர் இல்லை, திருமணம் என்ற பேச்சுக்கும் இடமில்லை. 1981இல் சில மாத இடைவெளியில் சாவின், நத்தாலியா, திமித்ரி மூவரும் இறந்தார்கள். நிமோனியாவில் கிடந்த திமித்ரியை மருத்துவமனைக்குக் கொண்டுபோக நிலவியலாளர்கள் முன்வந்தபோது, அவரே மறுத்துவிட்டார். ஒரு முழு வாழ்நாளும் ஒரே முற்றத்தில் கழிந்த மனிதருக்கு வேறு எந்தப் பதில் இயல்பாக வந்திருக்கும்? 1988இல் கார்ப்பும் மறைந்தார். அகாஃபியா மட்டும் அங்கேயே இருக்க விரும்பினார். ஆனால் அவரும் பின்னாளில் பிறர் கொண்டுவந்த உதவியை ஏற்றுக்கொண்டார், 2016இல் கால்வலிக்காக ஹெலிகாப்டரில் மருத்துவமனைக்கும் போய் வந்தார்.

ஆகவே உங்கள் கணவரிடம் “எனக்கு முடியாது” என்று தொடங்காதீர்கள். அப்படித் தொடங்கினால் பேச்சு உங்கள் தைரியத்தைப் பற்றியதாகிவிடும். மகளுடைய விருப்பம் என்ன என்று கேளுங்கள், அவர் இருக்கும்போதே அவள் வாயால் சொல்லட்டும். நம் நாட்டில் 6 முதல் 14 வயது வரை கல்வி குழந்தையின் அடிப்படை உரிமை என்பதையும் நினைவூட்டுங்கள். அவருடைய சலிப்பு உண்மையானது என்பதை ஒப்புக்கொண்டு, நிலத்தை விற்கச் சொல்லாமல், முதலில் விடுமுறை நாள்களில் போய்த் தங்கலாம் என்று சொல்லுங்கள். வரும் ஐப்பசி, கார்த்திகை மழையில் நால்வருமாக அங்கே பத்து நாள் இருங்கள். அப்போது ஓர் இரவு, மகனுக்குக் காய்ச்சல் வந்ததாகவே எண்ணிக்கொண்டு, வீட்டு வாசலிலிருந்து மிக அருகிலுள்ள அரசு மருத்துவமனை வரை உங்கள் கணவர் போய்த் திரும்பட்டும். எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதைக் குறித்துவைத்து எனக்கு எழுதுங்கள்.