ஆமை மூச்செடுக்க வழி விடுங்கள்

கேள்வி: வரும் ஜூன் மாதம் குடும்பத்தோடு திருகோணமலை போகிறோம். புறாத்தீவில் முகக் கண்ணாடியும் மூச்சுக் குழாயும் மாட்டி மிதக்கும் ஸ்நோர்க்லிங் செய்து ஆமை, சுறா எல்லாம் படம் எடுக்க ஆசை. போன வருடம் அந்தமானில், ஹேவ்லாக் தீவின் எலிஃபன்ட் பீச்சில், தண்ணீர் புகாத உறைக்குள் போனைப் போட்டு இருநூறு படம் எடுத்தேன். எல்லாமே நீலப் புகை. ஒரே ஒரு படத்தில் ஆமையின் பின்பக்கம் தெரிகிறது. ஐம்பதாயிரம் ரூபாய் போட்டு நல்ல கேமரா வாங்கிவிடட்டுமா?
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். படம் நீலமாக வந்ததற்குக் காரணம் போன் இல்லை, தூரம்.

தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தை. ஐந்து மீட்டர் தண்ணீரைக் கடப்பதற்குள் சிவப்பு பெரும்பாலும் போய்விடும். பலர் இதை ஆழத்தின் கணக்காக மட்டும் நினைக்கிறார்கள். வெளிச்சம் மேலிருந்து ஆமை வரைக்கும் இறங்கி, அங்கிருந்து உங்கள் கேமராவுக்கும் வர வேண்டுமே! இரண்டு மீட்டர் ஆழத்தில் மேயும் ஆமையை நாலு மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் மொத்தம் ஆறு மீட்டர் தண்ணீர். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. முகக் கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது நாலு மீட்டரில் இருப்பது மூன்று மீட்டரில் இருப்பதாகத் தோன்றும். பக்கத்தில்தான் இருக்கிறது என்று நம்பி எடுத்திருப்பீர்கள். எவ்வளவு விலை கொடுத்துக் கேமரா வாங்கினாலும் தண்ணீர் இதே தண்ணீர்தான்.

சரி, அப்படியானால் கிட்டே போக வேண்டியதுதானே என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. 2014-இல் முதல் முறை புறாத்தீவுக்குப் போனேன். ஒரு அழுங்காமை பாறை இடுக்கில் தலையை விட்டுக் கடற்பஞ்சைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தது. அதற்கு நேர் மேலே போய் மிதந்தேன். அது மேலே வந்தது, என்னைப் பார்த்தது, திரும்பிக் கீழே போனது. கொஞ்ச நேரம் கழித்து வேறு பக்கமாக வந்தது. நானும் கேமராவோடு அந்தப் பக்கம் போனேன். மூன்றாம் முறையும் அப்படியே. அப்புறம் அது ஆழத்துப் பக்கம் போய்விட்டது. படகில் ஏறியதும் படகுக்காரர் சொன்னார்: “அது மூச்செடுக்க வந்தது ஐயா. நீங்கள் வாசல மறிச்சுக்கொண்டு நிண்டீங்கள்.” இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது. ஆமைக்கு நம்மைப் போல நுரையீரல்தான். காற்றுக்கு அது மேலே வந்தே ஆக வேண்டும்.

அன்றிலிருந்து நான் மேலிருந்தும் எடுப்பதில்லை, பின்னால் போயும் எடுப்பதில்லை. பக்கவாட்டில், அதன் கண்ணில் நான் படும்படியாக, மூன்று நாலு மீட்டர் தள்ளி அசையாமல் மிதப்பேன். கால் துடுப்பைக்கூட ஆட்டுவதில்லை. மேயும் ஆமை ஒரே இடத்தில் நிற்காது, பாறை பாறையாக நகரும். பல நேரம் நம் பக்கமாகவே வந்துவிடும். கடைசியில் மூச்சுக்காக மேலே எழும் பாருங்கள், அதுதான் உங்கள் படம். மேல்மட்டத்துக்கு வந்துவிட்டதால் அதன் தலைக்கு மேலே தண்ணீரே இல்லை, வெயில் நேராக ஓட்டின் மேல் விழும். மஞ்சளும் பழுப்பும் அப்படியே வரும். நீங்களும் மேலேதானே மிதக்கிறீர்கள், அதனால் முகம் முகமாகப் பார்த்து எடுக்கலாம்.

சுறாவுக்கும் இதே பொறுமை வேண்டும். அங்கே இருப்பவை துடுப்பு நுனி கறுத்த சுறாக்கள். ஒன்றரை மீட்டர் நீளம் இருந்தாலே பெரியது. கூச்ச சுபாவம், ஆள் நெருங்கினால் விலகிவிடும். நிலாவெளிக் கரையில் டிக்கெட் வாங்கிக்கொண்டு, காலையில் கிளம்பும் முதல் படகுகளில் ஏறிவிடுங்கள். அந்தக் கடற்கரையிலிருந்து தீவு ஒரு கிலோமீட்டர் தூரம்தான். ஜூனில் அந்தப் பக்கத்துக் கடல் அமைதியாக இருக்கும்.

போனைப் பற்றிக் கொஞ்சம். தண்ணீருக்குள் தொடுதிரை வேலை செய்யாது, சத்தத்தைக் கூட்டும் பொத்தானால் எடுக்கப் பழகுங்கள். ஃப்ளாஷை அணைத்துவிடுங்கள், அது மிதக்கும் தூசியைத்தான் வெள்ளைப் புள்ளிகளாகக் காட்டும். ஃபோர்கே வீடியோ எடுத்து அதிலிருந்து ஒரு காட்சியைப் பிரித்தால் எட்டு மெகாபிக்சல் கிடைக்கும், வீட்டில் மாட்டி வைக்க அது போதும். முந்தின நாள் உறைக்குள் ஒரு டிஷ்யூ தாளை மட்டும் வைத்து மூடி வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் அமுக்கிப் பாருங்கள். போனை உள்ளே வைத்து மூடுவதை ஏசி அறையிலேயே முடித்துவிடுங்கள். கடற்கரையில் மூடினால் ஈரக் காற்று உள்ளே மாட்டி, தண்ணீரில் இறங்கியதும் பனி படியும்.

கேள்வி: என் மகளுக்குப் பதினொரு வயது. நீச்சல் சுமாராகத்தான் தெரியும். அவள் கையிலும் ஒரு கேமரா கொடுக்கலாமா?
- வாசகி, திருச்சி

பதில்: முதல் நாள் கொடுக்காதீர்கள். முகக் கண்ணாடியும் குழாயும் போட்டு வாயால் மூச்சு விடுவதை ஊரிலேயே நீச்சல் குளத்தில் பழக்குங்கள். கடலில் லைஃப் ஜாக்கெட் கட்டாயம். பெரியவர் ஒருவர் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், அவர் கையிலும் கேமரா கூடாது. நான் அழுத்திச் சொல்வது இதைத்தான். திரையைப் பார்க்க ஆரம்பித்தால் பிள்ளை எவ்வளவு தூரம் மிதந்து போய்விட்டாள் என்பது தெரியாது. அவளும் பதற்றத்தில் காலை ஊன்றத் தேடுவாள், கீழே இருப்பது பவளப்பாறை. உருண்டைப் பவளங்கள் வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். ஒரு மிதியில் உடையும் துண்டு அவள் வயதுக்குச் சமம். மிதக்கும்போது உடம்பு தளர்ந்து, மூச்சு சீராகி, அவளாகவே மீனைக் கைகாட்டத் தொடங்கினால் மறுநாள் கொடுங்கள்.

கேள்வி: ரொட்டி போட்டு மீன்களை வரவழைக்கிறேன் என்று படகுக்காரர்கள் சொல்கிறார்களே?
- வாசகர், மதுரை

பதில்: வேண்டாம் என்று படகு கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள். ரொட்டிக்கு வருபவை பெரும்பாலும் ஒரே வகை, மஞ்சள் முதுகில் கறுப்புக் கோடு போட்ட சின்ன மீன்கள். உங்கள் படம் முழுக்க அவையும் ரொட்டித் தூளும்தான் இருக்கும். பாறையில் படரும் பாசியை மேய்ந்து பவளத்தைக் காப்பாற்றும் மீன்கள் அந்த வேலையை விட்டு ரொட்டிக்குப் பழகுவது அதைவிடப் பெரிய கெடுதல். படகுக்காரர் நமக்காகத்தான் போடுகிறார், கோபப்பட வேண்டாம். “அந்த நேரத்துக்குக் கிளிமீன் பாறையைக் கொறிக்கிற இடத்தைக் காட்டுங்கள்” என்று கேளுங்கள். தண்ணீருக்குள் காதைத் தீட்டினால் அது கொறிக்கும் சத்தமே கேட்கும். சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது தண்ணீருக்குள் நம் காதுக்குச் சரியாகத் தெரியாது, அதனால் கண்ணால் தேடிக்கொண்டே மெதுவாக மிதந்து போங்கள்.