பண்டோராவிடம் பெட்டி இல்லை

அன்புள்ள ஐயா,
'பண்டோராவின் பெட்டியைத் திறந்ததுபோல' என்று செய்திகளில் அடிக்கடி படிக்கிறேன். அந்தப் பெயருக்கு 'எல்லாப் பரிசுகளும் பெற்றவள்' என்று பொருளாமே. உலகத்துக்குத் துன்பம் கொண்டுவந்தவளுக்கு இப்படி ஒரு பெயரா?
ரவி

அன்புள்ள ரவி,

கிரேக்கத்தில் 'பான்' என்றால் எல்லாம், 'தோரோன்' என்றால் கொடை. நீங்கள் சொல்லும் பொருள் கி.மு. 700 வாக்கில் பாடிய கிரேக்கக் கவிஞர் ஹெசியோட் தந்தது. புரோமிதியஸ் மனிதருக்காகத் தேவர்களிடமிருந்து நெருப்பைத் திருடினான். அதற்குப் பழிவாங்க தேவர்களின் அரசரான ஸீயஸ் மண்ணால் ஒரு பெண்ணைச் செய்யச் சொன்னார். தேவர்கள் எல்லாரும் அவளுக்கு ஏதாவது கொடுத்தார்கள். அதீனா நெசவு சொல்லித்தந்தாள், ஹெர்மிஸ் பொய்யையும் வஞ்சகத்தையும் நெஞ்சில் வைத்தான். அதனால் பண்டோரா.

ஆனால் அந்தச் சொல்லுக்கு 'எல்லாம் கொடுப்பவள்' என்றும் பொருள் உண்டு. பூமித் தெய்வத்துக்கே கிரேக்கர்கள் அந்தப் பெயரை வைத்திருந்தார்கள். கிரேக்க நகைச்சுவை நாடகாசிரியர் அரிஸ்டோஃபனீஸின் 'பறவைகள்' நாடகத்தில் பண்டோராவுக்குப் பலி கொடுக்கும் பேச்சு வருகிறது. பழைய உரைகாரர் அங்கே, வாழத் தேவையான எல்லாவற்றையும் தருவதால் பூமிக்கு இந்தப் பெயர் என்கிறார். விளைச்சல் தரும் தாயைத்தான் ஹெசியோட் தண்டனையாக வந்த பெண்ணாக்கிவிட்டார் என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. வருத்தமாகவும் இருக்கிறது.

அப்புறம் அந்தப் பெட்டி. ஹெசியோட் சொல்வது 'பிதோஸ்'. தானியமும் எண்ணெயும் திராட்சை மதுவும் சேமிக்கும் பெரிய தாழி, பல இடங்களில் பாதி மண்ணில் புதைத்தே வைப்பார்கள். 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய அறிஞர் எராஸ்மஸ் இந்தக் கதையை லத்தீனில் எழுதியபோது அது 'பிக்ஸிஸ்' என்ற சிறு பேழையாகிவிட்டது. தாழி என்றே வைத்துப் படித்துப் பாருங்கள். பண்டோரா மூடியைத் திறந்ததும், ஒரு வீட்டின் சாப்பாடு இருக்க வேண்டிய இடத்திலிருந்து நோயும் துன்பமும் வெளியே வருகின்றன, நம்பிக்கை மட்டும் தாழியின் விளிம்புக்குக் கீழே தங்கிவிடுகிறது. கதையின் வலி அங்கேதான் இருக்கிறது.

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டுக் கிண்ணம் ஒன்று இருக்கிறது. அதில் அதீனாவும் கொல்லர் தெய்வமான ஹெஃபைஸ்டோஸும் ஒரு பெண்ணை அலங்கரிக்கிறார்கள். காட்சி பண்டோராவுடையது, ஆனால் அவள் பக்கத்தில் எழுதியிருக்கும் பெயர் 'அனெசிதோரா': கொடைகளை மேலே அனுப்புபவள். மண்ணுக்கு அடியிலிருந்து முளைத்து வருவதைத்தான் அது சொல்கிறது. அந்தக் கிண்ணத்தில் தாழியும் இல்லை, பெட்டியும் இல்லை.