கல்லாப்பெட்டி: பெங்களூர் வாசகர்கள் கேள்வி–பதில்

இந்த தடவை வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல ஒரே புலம்பல்தான், வியாபாரம் நடக்குது ஆனா காசு எங்க போகுதுன்னே தெரியல. சிவாஜிநகர்ல 22 வருஷம் பத்திரிகை அடிக்கற பிரஸ் வச்சிருந்தவன் நான், முதல் நாலு வருஷம் நானும் இதையேதான் சொல்லிட்டு திரிஞ்சேன், அதனால யாரையும் குறை சொல்ல எனக்கு வாயில்ல.

கேள்வி: வீட்டுலயே இட்லி மாவு அரைச்சு பாக்கெட் போட்டு பக்கத்துல இருக்கற காண்டிமெண்ட்ஸ் கடைங்களுக்கு குடுக்கறேன் சார். தினம் 40 கிலோ, கிலோ 50 ரூபா, மாசம் 60,000 ரூபா வியாபாரம். ஆனா மாசக் கடைசில பையனோட ஸ்கூல் வேனுக்கு குடுக்க காசு இருக்கறதில்ல. லோன் போட்டு பெரிய கிரைண்டர் வாங்கி டபுளா அரைச்சா சரியாயிடுமா? இன்னொண்ணு, டிசம்பர் வந்தா மாவு பொங்கவே மாட்டேங்குது.
(வாசகி, எஜிபுரா)

பதில்: கிரைண்டர் பேச்சை கொஞ்சம் ஓரமா வைங்கம்மா. நீங்க கூடவே அனுப்பின செலவு சீட்டை வச்சு நான் ஒரு கணக்கு போட்டேன். 40 கிலோ மாவுக்கு அரிசி சுமார் 14 கிலோ, உளுந்து மூணரை கிலோ, உப்பு வெந்தயம் எல்லாம் சேர்த்து 1,200 ரூபா. கவர் 100. கரண்ட் 60. கேன் தண்ணி 100. உங்க வீட்டுக்காரர் வண்டியில போட்டுட்டு வர்ற பெட்ரோல் 150. அப்புறம் நீங்க சீட்டுல ஓரமா பென்சில்ல எழுதியிருக்கீங்களே, "ரிட்டர்ன் 3 கிலோ"ன்னு, அது 150 ரூபா. மொத்தம் 1,760. வர்றது 2,000. மிச்சம் 240 ரூபா, மாசத்துக்கு 7,200. மதியம் ரெண்டு மணிக்கு ஊறின அரிசியை களைய உக்கார்ந்தா ராத்திரி எட்டு ஆகுதுன்னு எழுதியிருக்கீங்க, அவரோட ரெண்டு மணி நேரத்தையும் சேர்த்தா எட்டு மணி நேரம், அதாவது ஒரு மணி நேரத்துக்கு 30 ரூபா கூலிக்கு ரெண்டு பேர் உழைக்கறீங்க. இதையே டபுள் பண்ணா உழைப்பும்தான் டபுள் ஆகும், அதுக்கு மேல லோன் தவணை வேற. சின்ன தொழிலுக்கு கடன் குடுக்கற மத்திய அரசோட முத்ரா திட்டத்துல, சிசு பிரிவுல 50,000 ரூபா வரைக்கும் அடமானம் இல்லாம கேக்கலாம், பேங்க்ல கிடைக்கவும் கிடைக்கும், ஆனா இப்ப வேணாம்.

முதல்ல அந்த ரிட்டர்னை பிடிங்க. கடைக்காரர் ஏன் 3 கிலோ திருப்பறார்? திருப்பினா அவருக்கு நஷ்டம் இல்ல, அதனால கண்ணை மூடிட்டு பத்து பாக்கெட் வைக்க சொல்றார். அவர்கிட்ட "அண்ணா, ரிட்டர்ன் எடுக்கமாட்டேன், ஆனா உங்களுக்கு கிலோ 47-க்கு தரேன்"னு சொல்லிப் பாருங்க. 40 கிலோவுக்கு 120 ரூபா விட்டுக் குடுக்கறீங்க, 150 ரூபா மிச்சமாகுது. முப்பது ரூபாதானேன்னு நினைக்காதீங்க, புளிச்ச மாவை வாங்கிட்டு போன ஒரு அம்மா அந்த தெருவுல நாலு பேர்கிட்ட சொல்றாங்களே, அந்த நஷ்டத்தை எந்த சீட்டுலயும் எழுத முடியாது. வெள்ளி சனி ஜாஸ்தியா அரைங்க, செவ்வாய் புதன் பாதியா குறைங்க. தினம் ஒரே அளவு சாப்பிடற ஊர் எங்கயும் இல்ல.

ரெண்டாவது, பக்கத்து அபார்ட்மெண்ட்ல வாட்ஸ்அப் குரூப் இருக்கும், அங்க நேரா 60 ரூபாய்க்கு ஒரு 15 கிலோ போட்டா தினம் 150 ரூபா கூடுது, உங்க லாபத்துல பாதிக்கு மேல! கிரைண்டர் ஒண்ணும் வாங்காமலே. எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது உணவுப் பாதுகாப்பு ஆணையத்துல பேசிக் ரெஜிஸ்ட்ரேஷன் எடுத்துட்டு அந்த 14 இலக்க நம்பரையும் அரைச்ச தேதியையும் கவர்ல போடுங்க, அபார்ட்மெண்ட்காரங்க அதைத்தான் முதல்ல பாப்பாங்க. ஜிஎஸ்டி பயம் வேணாம், உங்க விற்பனை வருஷத்துக்கு 7.2 லட்சம்தான், வெறும் பொருள் விக்கறவங்க ரெஜிஸ்டர் பண்ண வேண்டிய எல்லை 40 லட்சம்.

மாவு பொங்கறது. பெங்களூர் டிசம்பர் ராத்திரி 15, 16 டிகிரிக்கு இறங்கிடும், சென்னையில கத்துக்கிட்ட அளவு இங்க எடுபடாது. வெதுவெதுப்பான தண்ணியில ஊற வைங்க, அரைக்கவும் அதே தண்ணி, வெந்தயம் ஒரு கைப்பிடி கூட, முந்தின நாள் பொங்கின மாவு ஒரு கரண்டி உறை மாதிரி கலந்து கையாலயே அடிச்சு கலக்குங்க. அண்டாவை தரையில வைக்காம பலகை மேல வச்சு கம்பளி போர்த்தி, பிரிட்ஜுக்கு பின்பக்கம் சூடு வருமே அங்க வைக்கலாம். ஆனா பாக்கெட் போடறது முழுசா பொங்கறதுக்கு முன்னாடி, போட்ட உடனே பிரிட்ஜ்ல. இல்லன்னா கவருக்குள்ள கேஸ் சேர்ந்து பந்து மாதிரி உப்பி நிக்கும், உங்க ரிட்டர்ன்ல பாதி அதுதான்னு நான் பந்தயம் கட்டுவேன். சும்மா இல்ல, இதே ஊர்ல திப்பசந்திரா பக்கம் 2005-ல 50 சதுர அடி இடத்துல ஆரம்பிச்சதுதான் ஐடி ஃப்ரெஷ்ங்கற பெரிய மாவு கம்பெனி, ரப்பர் பேண்ட் போட்ட பிளாஸ்டிக் கவர்ல மாவு விக்கறதை பாத்து நல்லா பேக் பண்ணி குடுக்கலாமேன்னு கிளம்பினாங்க. எல்லாரும் அவ்ளோ பெருசா போகணும்னு இல்ல, ஆனா மாவுன்னு யாராவது இளக்காரமா பேசினா இதை சொல்லுங்க.

கேள்வி: ஸ்ரீராமபுரத்துல டீ, பன், பிஸ்கட், சிகரெட் எல்லாம் விக்கற சின்ன கடை. போன வருஷம் பக்கத்து கடைக்காரருக்கு யூபிஐ கணக்கை வச்சு டாக்ஸ் நோட்டீஸ் வந்துச்சு. பயத்துல நான் க்யூஆர் ஸ்டிக்கரை கிழிச்சுட்டு மச்சான் க்யூஆரை ஒட்டிட்டேன். இது சரியா?
(வாசகர், ஸ்ரீராமபுரம்)

பதில்: தப்பு, ரொம்ப தப்பு. நாளைக்கு மச்சானுக்கு நோட்டீஸ் வரும், அப்புறம் ஆடிக்கு சீர் வாங்க அந்த வீட்டுக்கு எப்படி போவீங்க?

2025 ஜூலைல நடந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 2021–22-ல இருந்து யூபிஐல வந்த பணத்தை பாத்து வணிக வரித்துறை சின்ன கடைங்களுக்கெல்லாம் நோட்டீஸ் அனுப்பிச்சு, ஊர் முழுக்க "நோ யூபிஐ, கேஷ் ஒன்லி"ன்னு பேப்பர்ல எழுதி ஒட்டினாங்க. அப்புறம் முதல்வர் சித்தராமையா வியாபாரிங்களை கூப்பிட்டு பேசி, பழைய பாக்கிய கேக்க மாட்டோம் ஆனா எல்லை தாண்டினவங்க ரெஜிஸ்டர் பண்ணிக்கணும்னு சொன்னார். அந்த ரெண்டாவது பாதிய யாரும் காதுல வாங்கல, முதல் பாதிய மட்டும் கேட்டுட்டு வீட்டுக்கு போயிட்டாங்க.

ஜிஎஸ்டிக்கு ரொக்கமா வந்தாலும் விற்பனைதான், யூபிஐல வந்தாலும் விற்பனைதான். ஸ்டிக்கரை கிழிச்சா விற்பனை குறையாது, சாட்சிதான் குறையும். வெறும் பொருள் மட்டும் விக்கறவங்களுக்கு 40 லட்சம்னு சொன்னேன் இல்லையா, நீங்க டீ போட்டும் குடுக்கறீங்க, அது சர்வீஸ்ல வரும், அதனால உங்க எல்லை 20 லட்சம்னு வச்சுக்கங்க. நாள் கணக்குல பாத்தா சுமார் 5,500 ரூபா. சிகரெட் ஒரு பாக்கெட்டே என்ன விலைன்னு உங்களுக்கு தெரியும், லாபம் கொஞ்சம்தான் ஆனா விற்பனை தொகைல மொத்தமும் ஏறிடும், சின்ன கடைங்க தெரியாம எல்லை தாண்டறது இங்கதான். பால், காய்கறி மாதிரி வரியில்லாத பொருள் மட்டும் விக்கறவங்க எவ்ளோ வித்தாலும் ரெஜிஸ்டர் பண்ண வேண்டியதில்ல, நீங்க அந்த லிஸ்ட்ல இல்ல.

செய்ய வேண்டியது ஒண்ணுதான். கடைக்குன்னு தனி அக்கவுண்ட், தனி க்யூஆர். சீட்டுப் பணம், தங்கச்சி அனுப்பினது, ரூம்மேட் வாடகை பங்கு எல்லாம் கடை க்யூஆர்ல வந்து விழுந்தா அதிகாரி கண்ணுக்கு அத்தனையும் வியாபாரம்தான், இல்லன்னு நிரூபிக்கறது உங்க தலைவலி. எல்லை தாண்டுதுன்னா ஜிஎஸ்டில சின்ன வியாபாரிங்களுக்குன்னு இருக்கற காம்போசிஷன் திட்டத்தை பத்தி ஒரு நல்ல அக்கவுண்டண்ட்கிட்ட கேளுங்க, வரி விகிதம் கம்மி, ஆனா அதை கஸ்டமர்கிட்ட தனியா வசூல் பண்ண முடியாது, கையில இருந்துதான் கட்டணும். முதல்ல மச்சான் ஸ்டிக்கரை எடுங்க.

கேள்வி: தள்ளுவண்டியில காலை டிபன் போடறேன். தண்டல்காரர்கிட்ட 10,000 வாங்கினா 9,000 கையில குடுத்துட்டு தினம் 100 ரூபாயா 100 நாள் கட்ட சொல்றார். பாத்தா ஆயிரம் ரூபாதானே வட்டி?
(வாசகர், மர்ஃபி டவுன்)

பதில்: ஆயிரம் ரூபாதான், ஆனா 9,000-மும் 100 நாள் உங்க கையில இருக்கறதில்லையே, முதல் நாள்ல இருந்தே திருப்பிக் குடுத்துட்டே வர்றீங்க. சராசரியா உங்ககிட்ட இருக்கறது நாலாயிரத்து சொச்சம், அதுக்கு மூணே கால் மாசத்துக்கு ஆயிரம். வருஷ கணக்குல கிட்டத்தட்ட 80 பர்சென்ட் வட்டி. மழை வந்து வண்டி போடலன்னாலும் சாயங்காலம் அவர் பைக் வந்து நிக்கும். பிஎம் ஸ்வநிதின்னு தெரு வியாபாரிங்களுக்கே 2020-ல வந்த கடன் திட்டம் இருக்கு, முதல் தவணை 15,000, ஒழுங்கா கட்டினா அடுத்து 25,000, அப்புறம் 50,000, வட்டில 7 பர்சென்ட் மானியம், 2030 மார்ச் வரைக்கும் ஓடும். தெரு வியாபாரி சர்டிபிகேட் இல்லன்னா மாநகராட்சில சிபாரிசு கடிதம் கேளுங்க. ரெண்டு மூணு நாள் நடக்க விடுவாங்க, அந்த நாள் வியாபாரம் போகும்தான், எனக்கும் தெரியும், ஆனாலும் நடங்க.

கேள்வி: பீன்யால சின்ன ஷெட்ல லேத் ஜாப் ஒர்க். ஒரு கம்பெனி 90 நாளாச்சு, 1.8 லட்சம் பாக்கி, கேட்டா "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" (கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க)ங்கறாங்க.
(வாசகர், பீன்யா)

பதில்: அட்ஜஸ்ட் பண்றது எப்பவும் நம்ம பக்கம்தான், அது இந்த ஊர் வழக்கம்! உத்யம் பதிவு, அதாவது சின்ன தொழில்னு அரசாங்கத்துல பண்ற பதிவு, இருக்கா? இல்லன்னா இன்னிக்கே போடுங்க, ஆதாரும் பான் கார்டும் வேணும், இலவசம், 1,500 குடு 2,000 குடுன்னு கேக்கற ஏஜெண்ட்டை நம்பாதீங்க. இருந்தா சட்டம் உங்க பக்கம். 2006 எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர தொழில்) சட்டப்படி எழுத்துல ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டி இழுக்க முடியாது, எழுத்தே இல்லன்னா 15 நாள்தான். அதுக்கு மேல ஒவ்வொரு நாளும் ரிசர்வ் பேங்க் அறிவிக்கற "பேங்க் ரேட்"ங்கற வட்டி விகிதம் மாதிரி மூணு மடங்கு வட்டி, மாசாமாசம் கூட்டு வட்டியா ஏறும். எம்எஸ்எம்இ துறையோட ஆன்லைன் போர்ட்டல்ல புகார் போடலாம்.

போடலாம், ஆனா போட்ட அன்னிக்கே அந்த கம்பெனி உங்க கஸ்டமர் இல்ல, அதையும் சேர்த்துதான் யோசிக்கணும். அதனால முதல்ல இன்வாய்ஸ்ல உத்யம் நம்பரை பிரிண்ட் பண்ணி, 45 நாள் கெடுவையும் வட்டியையும் ஒரு வரி எழுதி, அவங்க அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மெண்டுக்கு மெயில் அனுப்புங்க, பர்ச்சேஸ் ஆளுக்கு இல்ல. கெடு தாண்டின பாக்கிய அந்த வருஷ செலவா வருமான வரில காட்ட முடியாதுன்னு 2024 ஏப்ரல்ல இருந்து விதி இருக்கு, அது அக்கவுண்ட்ஸ்காரங்களுக்குத்தான் உறைக்கும். மார்ச் மாசத்துல கேட்டா சட்டுனு பணம் வர்ற ரகசியம் அதான்.

கேள்வி: லிங்கராஜபுரத்துல தையல் கடை போட இடம் பாத்திருக்கேன். பத்து மாச அட்வான்ஸ் கேக்கறாங்க, ஜாஸ்தியா?
(வாசகி, லிங்கராஜபுரம்)

பதில்: ஊர் வழக்கம் அதான், பேசினா ஆறுக்கு இறங்கும். அதை விட மீட்டரை பாருங்க, கமர்ஷியலா வீட்டு மீட்டரான்னு, வீட்டு மீட்டர்ல கடை நடத்தி மாட்டினா அபராதம் உங்க தலையில. காலி பண்ணும்போது பெயிண்ட் செலவுன்னு எவ்ளோ பிடிப்பாங்கன்னு அக்ரிமெண்ட்லயே எழுத வைங்க. போர்டுல 60 சதவீதம் கன்னடம் இருக்கணும், அது மேல்பாதில வரணும், அதனால தமிழ்ல "அம்மன் டைலர்ஸ்"னு ஆசையா முழு போர்டு எழுதிட்டு வந்து மறுபடியும் காசு செலவு பண்ணாதீங்க, சின்னதா கீழ போட்டுக்கலாம்.

கேள்வி: எங்க தெரு சொந்தக்காரங்க எல்லாம் என் கடையில கடன்தான் வாங்கறாங்க. "இன்று ரொக்கம் நாளை கடன்" போர்டு மாட்டினாலும் சித்தப்பா சிரிச்சுட்டே எடுத்துட்டு போறார்.
(வாசகர், ஹலசூரு)

பதில்: போர்டு வேத்தாளுக்குத்தான் வேலை செய்யும். ஒரு நோட்டு வாங்கி அவர் பேர்ல ஒரு பக்கம் ஒதுக்கி, எடுக்கறப்பல்லாம் அவர் கையாலயே எழுத சொல்லுங்க. பேனாவை மட்டும் கயிறு கட்டி வைங்க.