பின்பக்கப் போட்டோ எங்கே? பழம்பொருள் கேள்வி-பதில்

கே: பாட்டி வீட்டுப் பீங்கான் பூ ஜாடி. என்ன விலை போகும்?

ப: ஜாடியின் முகத்தை நாலு கோணத்தில் எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். கவிழ்த்து அடிப்பக்கத்தைக் காட்டாமல் விலை கேட்டால் நான் ஜோசியம்தான் சொல்ல வேண்டும்.

கே: அடியில் ‘மேட் இன் ஆக்குபைடு ஜப்பான்’ என்று எழுதிய பொம்மை. நூறு வருஷத்துக்கு மேல் என்கிறார் மாமா.

ப: இல்லை. போரில் தோற்ற ஜப்பான் நேசநாடுகளின் பிடியில் இருந்த 1945-52 காலத்து முத்திரை அது. வெறும் ‘நிப்பான்’ (ஜப்பானுக்கு ஜப்பானியப் பெயர்) என்றிருந்தால் சுமார் 1891-1921 என்று சொல்லலாம், அதிலும் போலி முத்திரை உண்டு.

கே: கண்ணன் உருவம் போட்ட டைல்ஸ், செட்டிநாட்டு வீட்டில் பெயர்த்தது என்று ஒன்றுக்கு எட்டாயிரம் கேட்கிறார். வாங்கலாமா?

ப: ‘செட்டிநாட்டு வீட்டுச் சாமான்’ என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கடையில் இருக்கும் விளக்கு, ஊஞ்சல் சங்கிலி, ஊறுகாய் ஜாடி எல்லாமே அங்கிருந்து இறங்கியதாம். அத்தனையும் நிஜமென்றால் அந்த எழுபத்துச் சொச்சம் ஊர்களில் மனுஷர் படுக்க இடம் இருந்திருக்காது. எந்த ஊர், வீட்டை இடித்தபோது வந்ததா, பாகம் பிரித்தபோது வந்ததா என்று கேளுங்கள், பாதிப்பேர் பேச்சை மாற்றிவிடுவார்கள். (இடித்து விற்பது தனி வயிற்றெரிச்சல், அதை இன்னொரு நாள் பேசலாம்.)

சரி, டைல்ஸுக்கு வருகிறேன். ரவிவர்மா படங்களைப் பார்த்துக் கண்ணன், லட்சுமி, சரஸ்வதியைப் புடைப்பாக வார்த்த டைல்ஸ் இந்தியாவில் விற்கவென்றே ஜப்பானில் செய்தவை, பெரும்பாலும் 1920, 30களில். இங்கிலாந்தின் மஜோலிக்காவை, அதாவது பளபள வண்ணப் பூச்சுப் போட்ட புடைப்பு டைல்ஸைப் பார்த்துப் போட்ட மலிவு சரக்கு, ஆனால் வேலை சுத்தம். விரலால் தடவினால் புல்லாங்குழல் தட்டுப்பட வேண்டும்; வண்ணப் பூச்சு பள்ளத்தில் தேங்கி அடர்த்தியாகவும் மேட்டில் வெளிறியும் தெரியும். வழவழவென்று படம் மட்டும் இருந்தால் அது நேற்று அச்சடித்தது. அப்புறம் பின்பக்கம்: கம்பெனி முத்திரை, கலவை பிடிக்க வார்த்த கட்டமோ கோடோ, அந்தப் பள்ளங்களில் பழைய சுண்ணாம்பு. சுவரிலிருந்து பெயர்த்தது என்கிறார், நாலு மூலையிலும் ஒரு சில்லுகூடப் போகவில்லை, பின்பக்கம் கழுவிவிட்ட மாதிரி இருக்கிறது என்றால் எட்டாயிரத்தைப் பையிலேயே வையுங்கள்.

கே: அத்தை கான்வென்ட்டில் படித்தபோது மேட்டித் துணியில் போட்ட கிராஸ் ஸ்டிட்ச், கிளியும் ஆங்கில எழுத்துகளும். பழுப்பேறிவிட்டது. சோப்புத்தூளில் ஊறவைக்கலாமா?

ப: ஊறவைக்காதீர்கள். சிவப்பு நூல் சாயம் விட்டால் கிளி போச்சு. பின்பக்கத்தில் ஒவ்வொரு நிற நூலிலும் ஈரப் பஞ்சை ஒற்றிப் பாருங்கள், நிறம் இறங்கினால் தண்ணீரே கூடாது. பழுப்புக்குப் பெரும்பாலும் காரணம் ஃப்ரேமுக்குப் பின்னால் அடித்த பலகையும் மட்ட அட்டையும் விடும் அமிலம். அவற்றை எடுத்துவிட்டு அமிலமில்லாத அட்டை வையுங்கள், கண்ணாடி துணியில் ஒட்டாமல் இருக்கட்டும், வெயில் விழும் சுவர் வேண்டாம். கழற்றும்போது பின்பக்கத்தைப் பாருங்கள், நூலின் அசல் நிறம் அங்கேதான் மிஞ்சியிருக்கும்.

கே: உடைந்த கோப்பைக் கைப்பிடியை ஃபெவிக்விக்கில் ஒட்டலாமா?

ப: வேண்டாம். அருங்காட்சியகங்களில் பாரலாய்டு பி-72 என்ற பசை போடுவார்கள், கோணலாகிவிட்டால் அசிட்டோனில் கரைத்து மறுபடி ஒட்டலாம். அதுவரை துண்டுகளைத் தனித்தனியாகச் சுற்றி வையுங்கள்.

கே: நூறு வருஷத் தஞ்சாவூர் ஓவியத்தை அமெரிக்காவில் இருக்கும் மகனுக்கு அனுப்ப வேண்டும்.

ப: முடியாது. 1972ஆம் வருஷச் சட்டப்படி நூறு வயதான கலைப்பொருளைத் தனியார் நாட்டை விட்டு வெளியே அனுப்பக் கூடாது, அந்த வயது ஓவியத்தைப் பதிவும் செய்ய வேண்டும். வயது குறைவென்றால் தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்கி அனுப்பலாம். புடவைக்கு நடுவே மடித்து வைக்கலாமா என்று கேட்ட வரியை நான் படிக்கவில்லை.

கே: மேலே பழுப்பும் கீழே வெள்ளையுமான பழைய ஜாடியில் மாவடு போடலாமா?

ப: கீறல் இல்லையென்றால் போடலாம். விரலால் சுண்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல், எண்ணெய் இறங்கிச் சிக்கடிக்கும். பளிச்சென்று பச்சை, மஞ்சள் பூச்சுப் பூசிய பழைய கிண்ணங்களில் மட்டும் புளிப்பு எதையும் வைக்காதீர்கள், அந்தப் பூச்சில் ஈயம் இருக்கலாம். பிளீச்சிங் பவுடரில் ஊறவைத்துக் கழுவவும் வேண்டாம், உப்பு உள்ளே இறங்கி மேல்பூச்சைத் தள்ளிவிடும்.