மறுபரிசீலனைக்கு அனுப்பினால் வழக்கு தோற்றதாகுமா?

மேலூரில் திருவிழாவில் போடவிருந்த வீதி நாடகத்துக்குக் காவல்துறை அனுமதி மறுத்தது. உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அந்த உத்தரவை ரத்து செய்தும், தானே அனுமதி தராமல் காவல்துறையின் மறுபரிசீலனைக்குத் திருப்பிவிட்டது, இது தோல்விதானே என்கிறீர்கள். இல்லை, முக்கால் வெற்றி.

அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவின்கீழ், அரசு உத்தரவை எதிர்த்து உயர்நீதிமன்றத்தில் போடும் ரிட் மனுவில், முடிவு எடுக்கப்பட்ட விதத்தைத்தான் நீதிமன்றம் பெரும்பாலும் பார்க்கும். ‘சட்டம் ஒழுங்கு கெடும்’ என்ற ஒற்றை வரி, காரணம் ஆகாது. பேச்சுரிமையைக் கட்டுப்படுத்த அரசியலமைப்பின் 19(2) பிரிவு பட்டியலிடும் காரணங்களில் ஒன்று பொருந்த வேண்டும். எப்படிப் பொருந்துகிறது என்பதை உத்தரவே சொல்ல வேண்டும். பிறகு நீதிமன்றத்தில் காவல்துறை தரும் பதில் மனுவில் புதுக் காரணம் ஒட்டவைக்க முடியாது. 1977-இல் மொகிந்தர் சிங் கில் வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது இது.

எரிச்சல் ஒன்று உண்டு: இதற்குள் திருவிழாவே முடிந்துவிடும். ஆகவே தீர்ப்பு நகலுடன் புதுத் தேதி குறித்து உடனே மனுக் கொடுங்கள். முத்திரையிட்ட ரசீது வாங்காமல் நிலையத்தைவிட்டு நகராதீர்கள்.