கோட்டை ஓரத்து மெட்ராஸ் டெரஸ் வீடு: இடிக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

வேலூர் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்:

"கோட்டைக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் தாத்தா கட்டிய வீடு. முகப்புக் கைப்பிடிச் சுவரில் சுதையில் 1938 என்று போட்டிருக்கும். மெட்ராஸ் டெரஸ் தளம், அதாவது மரக்கட்டைமேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்த பழைய கூரை. இரண்டு மழைக்காலமாக ஒழுகுகிறது, கூடத்தில் இரண்டு கட்டைகள் உளுத்துவிட்டன. மருத்துவமனைக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் அறை கேட்டு வருவதால், பழையதை எடுத்துவிட்டு மாடி வைத்துக் கட்டலாம் என்கிறான் மகன். பிளான் போடுகிறவர், 'ரிப்பேர் என்று எழுதிக்கொள்ளலாம், முகப்புச் சுவரை முதலில் தட்டிவிடுங்கள்' என்கிறார். பக்கத்து வீட்டுக்காரரோ, 'கோட்டைப் பக்கம் ஆணிகூட அடிக்க முடியாது' என்கிறார். போனில் அளந்தால் கோட்டைச் சுவரிலிருந்து 140 மீட்டர் வருகிறது. யார் சொல்வது சரி?"

இரண்டு பேர் சொல்வதும் தவறு அம்மா. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் பேச்சைக் கேட்டால் வீடு ஒழுகிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். பிளான் போடுகிறவர் பேச்சைக் கேட்டால் வீடே போய்விடலாம். எனவே விவரத்துக்குள் போகும் முன் ஒரு வேண்டுகோள்: கையில் எழுத்துப்பூர்வமான அனுமதி வரும்வரை ஒரு செங்கல்லைக்கூட எடுக்க விடாதீர்கள்.

வேலூர்க் கோட்டை மத்திய அரசின் தொல்லியல் துறை பாதுகாக்கிற நினைவுச்சின்னம். இப்படிப்பட்ட இடங்களைச் சுற்றி இரண்டு வளையங்கள் உண்டு. பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து முதல் 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. 1992 ஜூன் 16 அன்று வந்த அறிவிக்கையில் தொடங்கிய ஏற்பாடு இது. 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2010-இல் செய்த திருத்தம் இதைச் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்து இறுக்கிவிட்டது. கோட்டைக்கு மட்டும் வந்த விதி இல்லை இது. மேல்பாடியில் மறைந்த அரசர் நினைவாக ராஜராஜன் எடுப்பித்த பள்ளிப்படைக் கோயிலைச் சுற்றி வீடு வைத்திருப்பவர்களுக்கும், மகேந்திரவாடிக் குடைவரைக்குப் பக்கத்தில் நிலம் வைத்திருப்பவர்களுக்கும் இதே கணக்குதான்.

இப்போது உங்கள் 140 மீட்டருக்கு வருவோம். அதை நீங்கள் கோட்டைச் சுவரிலிருந்து அளந்திருக்கிறீர்கள். சட்டம் சொல்வது 'பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து' என்று. வேலூரில் அகழியும் கோட்டையின் அங்கம். எல்லை அகழியின் வெளிக்கரைப் பக்கம் விழுந்தால், அகழியின் அகலம் முழுவதும் உங்கள் 140-இலிருந்து கழிந்துவிடும். அப்போது நீங்கள் இரண்டாவது வளையத்திலிருந்து முதல் வளையத்துக்குள் வந்துவிட வாய்ப்பு நிறைய இருக்கிறது. வீட்டின் முன்பாதி ஒரு வளையத்திலும் பின்பாதி இன்னொன்றிலும் விழுவதும் உண்டு. போன் வரைபடத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள். நகர நில அளவை வரைபடத்தில் உங்கள் சர்வே எண்ணைக் குறித்துக்கொண்டு, தொல்லியல் துறையிடம் எல்லையைக் கேட்டு எழுதுங்கள். வேலூர்க் கோட்டை அந்தத் துறையின் சென்னை வட்டத்தில் வருகிறது. அதன் அலுவலகம் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கிறது. பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தையாக 'பரவாயில்லை, கட்டிக்கோங்க' என்று யார் சொன்னாலும் அது அனுமதி ஆகாது.

எந்த வளையம் என்பது தெரிந்த பிறகுதான் அடுத்த கேள்வி: நீங்கள் செய்யப்போவதற்குச் சட்டத்தில் என்ன பெயர்? பலர் சறுக்குவது இங்கேதான். நாம் பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் 'ரிப்பேர்' என்கிறோம். சட்டத்தில் மூன்று வேறு வேறு சொற்கள் இருக்கின்றன. புதிதாக எழுப்புவதும், இருப்பதைப் பக்கவாட்டிலோ மேல்நோக்கியோ நீட்டுவதும் 'கட்டுமானம்'. மாடி எடுப்பது, ஓர் அறை சேர்ப்பது எல்லாம் இதில் வந்துவிடும். பழையதை எடுத்துவிட்டு அதே நீளம், அகலம், உயரத்துக்குள் திரும்ப எழுப்புவது 'மறுகட்டுமானம்'. இருக்கிற கட்டடத்தை வைத்துக்கொண்டே அதில் மாற்றங்கள் செய்வது 'பழுதுபார்ப்பும் புதுப்பிப்பும்'.

முதல் வளையத்துக்குள் தனியாருக்கு இந்த மூன்றில் கடைசி ஒன்றுக்கு மட்டும்தான் வழி. அதுவும் கட்டடம் 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்ததாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பின்னால் துறைத் தலைமையின் ஒப்புதலோடு கட்டியதாக இருக்க வேண்டும். மாடி கிடையாது. இடித்துவிட்டு அதே அளவில் கட்டுகிறேன் என்பதும் கிடையாது. அதனால்தான் ஆரம்பத்திலேயே அவ்வளவு அழுத்திச் சொன்னேன். இன்று உங்களிடம் இருப்பது பழுதுபார்க்கும் உரிமை. அது நிற்கிற கட்டடத்தோடு ஒட்டிய உரிமை. கட்டடம் போனால் பழுதுபார்க்க எதுவும் இல்லை, காலி மனைதான் மிஞ்சும். ஆற்காட்டுப் பக்கம் ஒரு குடும்பம் இப்படி முதலில் இடித்துவிட்டு அப்புறம் என்னிடம் வந்தது. அந்த மனையில் இன்றைக்கும் ஒரு தகரக் கொட்டகைதான் இருக்கிறது. அந்த வீட்டுப் பெரியவர் தினமும் காலையில் போய் அங்கே உட்கார்ந்துவிட்டு வருவார் என்று கேள்விப்பட்டபோது எனக்கு மனசு ஆறவில்லை. இரண்டு மாதம் முன்னால் கேட்டிருந்தால் வீடு நின்றிருக்கும்.

இரண்டாவது வளையத்தில் நிலைமை வேறு. அங்கே மூன்றுக்குமே விண்ணப்பிக்கலாம், உங்கள் மகன் நினைக்கிற மாடிக்கும் சேர்த்து. அனுமதி கிடைக்குமா, எவ்வளவு உயரத்துக்குக் கிடைக்கும் என்பதை அவர்கள் தீர்மானிப்பார்கள். உயரம் குறிப்பிட்டு அனுமதி வரும்போது கைப்பிடிச் சுவர், படிக்கட்டு மேல்மூடி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அந்த உயரத்துக்குள் அடங்க வேண்டும் என்றே வழக்கமாகச் சொல்லியிருக்கும். தொட்டியை மறந்துவிட்டுப் பிளான் போடுகிறவர்கள் நிறையப் பேர்.

விண்ணப்பம் போகும் வழி இது. மாநிலத்துக்கென்று நியமித்திருக்கிற தகுதிவாய்ந்த அதிகாரியிடம் மனு போகும். ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி என்றால் அவர் 15 நாளுக்குள் டெல்லியில் இருக்கிற தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆணையம் இரண்டு மாதத்துக்குள் தன் கருத்தைச் சொல்ல வேண்டும். அது வந்த ஒரு மாதத்துக்குள் அதிகாரி உங்களுக்குப் பதில் தர வேண்டும். மறுப்பதாக இருந்தால் உங்கள் தரப்பைக் கேட்டுவிட்டுத்தான் எழுத்தில் மறுக்க வேண்டும். எல்லாத் தாளும் சரியாக இருந்தால் ஓடுகிற கணக்கு இது. ஒரு வரைபடம் குறைந்தாலும் கடிதம் திரும்பி வரும், மாதங்கள் போகும். ஆகவே வரும் ஐப்பசி மழைக்கு முன் கூரை வேலை முடிய வேண்டுமென்றால் மாசி, பங்குனியிலேயே மனு போயிருக்க வேண்டும்.

மாநகராட்சி பிளான் அனுமதி இருந்தால் இது வேண்டாம் என்று சொல்வார்கள். அப்படியில்லை. 2024 ஜூலையிலிருந்து சிறிய மனைகளுக்குச் சுயசான்று முறையில் இணையத்திலேயே உடனடியாகக் கட்டட அனுமதி கிடைக்கிறது. நல்ல திட்டம்தான். ஆனால் சட்டென்று கையில் அனுமதித் தாள் வந்துவிடுவதால் கோட்டை விதியும் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது மத்தியச் சட்டம், தனி அனுமதி. இரண்டும் வேண்டும். இல்லாமல் கட்டினால், இரண்டு வளையங்களில் எதுவாக இருந்தாலும், இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. 'ரிப்பேர் என்று எழுதிக்கொள்ளலாம்' என்கிறவர் பெயர் அந்த வழக்கில் வராது, பத்திரத்தில் இருக்கிற உங்கள் பெயர்தான் வரும்.

சரி, கூரைக்கு வருவோம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஒழுகுகிறது, இரண்டு கட்டை உளுத்துவிட்டது, இவ்வளவுதானே சேதம்? இதற்கு வீட்டை எடுக்க வேண்டியதே இல்லை. மெட்ராஸ் டெரஸ் என்பது பகுதி பகுதியாகப் பழுதுபார்க்க ஏற்ற தளம். தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அதன்மேல் மெல்லிய செங்கல்லைக் குத்தாக, கோணலாகச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி, அதற்குமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மரக்கட்டையால் அடித்து இறுக்கி, தட்டோடு என்கிற தட்டையான ஓட்டைப் பதித்து முடிப்பார்கள். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து நாள்கணக்கில் அடித்த தளம் அது. வேலூர் வெயிலுக்கு அதன்கீழ் உட்கார்ந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

நான் பார்த்த வீடுகளில் ஒழுகல் பெரும்பாலும் கட்டையால் வந்ததில்லை. மழைநீர்க் குழாய் வாய் அடைத்திருக்கும், கைப்பிடிச் சுவரும் தளமும் சேருமிடத்தில் விரிசல் விட்டிருக்கும், அதன்மேல் யாரோ ஒரு கொத்தனார் சிமென்ட் பூசியிருப்பார். சுண்ணாம்பு வெயிலுக்கும் குளிருக்கும் தகுந்தபடி கொஞ்சம் அசைந்து கொடுக்கும், சிமென்ட் அசையாது. அடுத்த கோடையிலேயே ஓரம் பிளந்து, உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் சுவருக்குள் இறங்கும். கீழே உப்புப் பூக்கும், ஓதம் ஏறும். சுவருக்குள் செருகிய கட்டை நுனிதான் முதலில் உளுக்கும், காற்று படாத இடம் அது. ஆகவே கட்டையை மாற்றிவிட்டுச் சிமென்ட்டை அப்படியே விட்டால் பத்து வருஷத்தில் திரும்ப இதே கடிதம் எழுதுவீர்கள்.

செய்ய வேண்டியது: முட்டுக் கொடுத்து, உளுத்த இரண்டு கட்டைக்கு மேலுள்ள பகுதியை மட்டும் திறந்து, பழைய வீடு பிரிக்கும் இடத்தில் கிடைக்கிற முற்றிய தேக்குக் கட்டையைப் போட்டு, சுண்ணாம்பிலேயே மூடுவது. அப்புறம் மேலே சிமென்ட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, வாட்டம் சரிசெய்து தட்டோடு பதிப்பது. சுண்ணாம்பு வேலை தெரிந்த மேஸ்திரி கிடைப்பது கஷ்டம்தான். பழைய கோயில் திருப்பணிகளில் வேலை செய்தவர்களை விசாரியுங்கள். சுண்ணாம்பு அடிப்பது, குழாய் மாற்றுவது போல் இல்லை, கூரையைத் திறப்பது மாற்றம்தான். இதற்கும் பழுதுபார்ப்பு அனுமதி வாங்கிவிட்டே தொடங்குங்கள். தளத்தை எடுத்துவிட்டு ஆர்சிசி போடும் எண்ணம் இருந்தால், அதை மனுவில் மறைக்காமல் எழுத வேண்டும். எனக்கு அதில் உடன்பாடில்லை, சுண்ணாம்புச் சுவர்மேல் அந்தக் கனத்தை ஏற்றக்கூடாது என்பது என் கருத்து.

வாடகை அறைகளை மகன் விட்டுவிட வேண்டியதில்லை. சிகிச்சைக்காக மூன்று வாரம் தங்க வருகிற குடும்பத்துக்கு உயரமான கூரையும் முற்றத்துக் காற்றும் உள்ள தரைத்தள அறை, மூன்றாவது மாடி அறையைவிட எவ்வளவோ மேல். இருக்கிற அறைகளுக்குள் கழிவறை அமைப்பதைப் புதுப்பிப்பு மனுவிலேயே வரைந்து காட்டுங்கள். கழிவுநீர் எங்கே போகிறது என்பதையும் காட்டுங்கள். 2021 நவம்பர் மழையில் ஜலகண்டேசுவரர் கோயிலுக்குள் தண்ணீர் புகுந்து நின்றதை ஊரே பார்த்தது. கோட்டையைச் சுற்றி நாம் போடுகிற ஒவ்வொரு சாக்கடையும், கொட்டுகிற ஒவ்வொரு கூடை கட்டட இடிபாடும் அந்த அகழியைப் பாதிக்கிறது. தோண்டும்போது பழங்காசு, சிலை, கல்வெட்டு ஏதாவது தென்பட்டால் வேலையை நிறுத்திவிட்டு ஆட்சியருக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும், இது 1878-ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிற புதையல் சட்டத்தின் வழி.

கடைசியாக ஆதாரங்கள். 1992-க்கு முன்பே வீடு இருந்தது என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். மனையை மட்டும் சொல்லும் பத்திரம் போதாது, 'கட்டடம்', 'மெத்தை வீடு' என்று எழுதியிருக்கிற பழைய பத்திரம் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு கொடுத்த தேதி, திண்ணையில் எடுத்த கல்யாணப் புகைப்படம்கூட உதவும். இவற்றோடு வீட்டின் இப்போதைய நிலையை நான்கு பக்கமும் படம் எடுத்து, நீளம், அகலம், உயரம் அளந்து வரைந்து வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த ஆதாரம் இல்லையென்றாலும், முகப்பில் சுதையில் 1938 என்று உங்கள் தாத்தா எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதைத்தான் முதலில் தட்டச் சொல்கிறார் பிளான் போடுகிறவர். நாளைக் காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில், எழுத்து தெளிவாகத் தெரிகிற மாதிரி அதை ஒரு படம் எடுத்துவிடுங்கள். பக்கத்தில் உங்கள் கதவிலக்கமும் விழட்டும்.